டார்ச்சின் சுடர் சில நேரம் சிறுக்கிறது, சில நேரம் சீறுகிறது. ரெகுலேட்டரை நானே திறந்து சுத்தம் செய்யலாமா?

திறக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன்.

காட்பாடியில் வீட்டு மாடி அறையில் மாலையில் கோக்கும் கண்ணாடி மணி செய்வதாகவும், சமையல் எரிவாயுவையும் ஆக்ஸிஜனையும் கலந்து எரிக்கும் டார்ச் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் சத்துவாச்சாரியில் ஒன்பது ஆண்டுகளாக இதே வேலையைச் செய்கிறேன். அப்பா தங்க வேலை செய்தவர். பற்றவைக்கும் ஊதுகுழல் சத்தத்தில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு நெருப்பிடம் பயமில்லை. ரெகுலேட்டரிடம் உண்டு. அந்தப் பயத்தை விடும் எண்ணமும் இல்லை.

நீங்கள் ஒரே கேள்வியில் இரண்டு நோய்களைச் சொல்லியிருக்கிறீர்கள். சுடர் சிறுப்பது வேறு, சீறுவது வேறு. சிறுத்தால் பெரும்பாலும் ரெகுலேட்டர் குற்றவாளி இல்லை. சீறினால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும்.

சிறுப்பதை முதலில் பார்ப்போம். வெளிநாட்டுக் காணொளிகளில் எரிவாயுவைப் புரோப்பேன் என்பார்கள். நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி, பியூட்டேனுக்குப் பூச்சியத்தை ஒட்டி. அதனால் புரோப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகிறது. சிலிண்டர் தீரும் தறுவாயில் பியூட்டேன் மிஞ்சி அழுத்தம் தளர்ந்துவிடும். இன்னொன்று: பெரிய சுடரை நீண்ட நேரம் எரித்தால் திரவம் வேகமாக ஆவியாகி சிலிண்டரே குளிர்ந்துபோகும். வேலூர் வெயிலில் இது நடக்குமா என்று கேட்காதீர்கள், சித்திரையிலேயே சிலிண்டரின் அடிப்பாகம் வியர்த்து நின்றதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அப்போது வேலையை நிறுத்தி ஆறவிடுங்கள். சுடரைக் காட்டிச் சூடாக்குவது, கொதிநீர் ஊற்றுவது, மொட்டைமாடி வெயிலில் வைப்பது எதுவும் கூடாது. இவை இரண்டும் இல்லையென்றால் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, டார்ச் முனையில் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சிலர் அடுப்பு ரெகுலேட்டரையே டார்ச்சுக்கு மாட்டிவிட்டுச் சுடர் போதவில்லை என்று வருந்துவதும் உண்டு. அது தரும் அழுத்தம் 30 மில்லிபார், அதாவது டார்ச் அழுத்தமானிகளில் காணும் பி.எஸ்.ஐ. அளவில் அரைகூட இல்லை. அதைத் திருகிக் கூட்ட முயல்வது பெரிய தவறு. டார்ச் தயாரிப்பாளர் சொல்லும் அழுத்தத்துக்கு ஏற்ற, அழுத்தமானி உள்ள ரெகுலேட்டரை வாங்குங்கள். கூடவே 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்பதால், 19 கிலோ வணிகச் சிலிண்டருக்குப் பதிந்துவிடுங்கள்.

இனி சீறுவது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் டார்ச் வால்வுகளை மூடிவிட்டு அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கக் கீழே போனேன். கால் மணி நேரத்தில் திரும்பினால், 5 பி.எஸ்.ஐ.யில் விட்டுப்போன அழுத்தமானி முள் 15-ஐத் தாண்டி நின்றது. குழாயைத் தொட்டேன், விறைத்திருந்தது. அப்படியே பற்றவைத்திருந்தால் என் முகத்துக்கு நேரே என்ன வந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

நடந்தது இதுதான். ரெகுலேட்டருக்குள் ஒரு ஸ்பிரிங், டயஃப்ரம் என்ற வளையும் மெல்லிய தகட்டை அழுத்த, அது சிறு துளையைத் திறந்து வாயுவை விடும். குழாய்ப் பக்கம் அழுத்தம் நிறைந்ததும் டயஃப்ரம் பின்வாங்கி, துளை அடைபட வேண்டும். அடைக்கும் இடத்தில் ஒரு துணுக்கு தூசியோ, எண்ணெய்ப் பிசுக்கோ, தேய்மானமோ இருந்தால் முழுதாக அடையாது. நீங்கள் வேலை செய்யாத நேரத்தில்தான் அழுத்தம் மெல்ல ஊர்ந்து ஏறும். இதைச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டினால் சரியாக அடைகிறதா என்று சோதிக்கும் கருவி உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. திறக்காதீர்கள் என்றதற்குக் காரணம் அதுதான்.

அன்று சிலிண்டர் தலையில் உள்ள குமிழை மூடினேன். சிலிண்டர் வெளியே பால்கனியில் இருப்பதால், கீழ்வீட்டில் யாரும் அடுப்போ பீடியோ பற்றவைக்கவில்லை என்று பார்த்துவிட்டு, ரெகுலேட்டர் பக்கம் குழாயின் நட்டை மெல்லத் தளர்த்தி வாயுவைப் போகவிட்டேன். எரிவாயுப் பக்கம் இடதுமறை, எதிர்ப்புறம் திருப்ப வேண்டும். பதற்றத்தில் இது மறந்துபோய் இன்னும் இறுக்கிவிடுவோம். அந்த ரெகுலேட்டரை மறுபடி மாட்டவில்லை, புதியது வாங்கினேன்.

வாரம் ஒருமுறை இப்போது செய்யும் சோதனை இது. டார்ச் வால்வுகளை மூடி, அழுத்தத்தை வழக்கமான அளவில் வைத்து, பத்து நிமிடம் முள்ளைப் பார்ப்பேன். ஏறினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பிறகு சிலிண்டரை மூடி இன்னொரு பத்து நிமிடம். இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்பு நுரையை மூட்டுகளில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ரெகுலேட்டர் மூடியில் இருக்கும் சிறு மூச்சுத்துளையிலும் நுரையை வையுங்கள். அங்கே குமிழி வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, மாற்றியாக வேண்டும். மூட்டுகளில் டெஃப்லான் டேப் சுற்றி அடைக்கப் பார்க்காதீர்கள். உலோகத்தோடு உலோகம் அமர்ந்து அடைக்க வேண்டிய இடத்தில் டேப் இடைஞ்சல்தான். ஆக்ஸிஜன் பக்கம் எண்ணெயோ கிரீஸோ பட்ட கையைக் கொண்டுபோகவே கூடாது.

கசிவு சிலிண்டர் வாயிலேயே இருந்தால், உள்ளே இருக்கும் கருப்பு ரப்பர் வளையம் போயிருக்கலாம். ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் பாதுகாப்பு மூடியை அழுத்தி மாட்டிவிட்டு ஏஜென்சியை அழையுங்கள். நாற்றம் அறை முழுக்கப் பரவிவிட்டால் மின்விசிறி சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். உயரத்து ஜன்னல் மட்டும் போதாது, கதவையும் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு, வெளியில் நின்று 1906-க்கு அழையுங்கள்.

சீறியதாக நீங்களே எழுதியிருப்பதால், பத்து நிமிடச் சோதனையை முடிக்கும்வரை டார்ச்சைப் பற்றவைக்க வேண்டாம். முள் நகர்ந்ததா என்று கீழே எழுதுங்கள், பார்த்துப் பதில் சொல்கிறேன்.