ஒரே நாளில் பொன்வேட்டை ஊர்: கொலம்பியாவா, கொலோமாவா?

கேள்வி: நாங்கள் சான் ஹோசேயில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோர் எழுபதைக் கடந்தவர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. நான்காம் வகுப்பில் கலிபோர்னியப் பொன்வேட்டையைப் பற்றிப் படித்த மகள், பொன் அரித்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஜூலையில் ஒரு நாள் மட்டுமே கிடைக்கிறது. சியரா நெவாடா மலையடிவாரத்தில் எந்த ஊருக்குப் போகலாம்?

பதில்: உங்கள் குடும்பத்துக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது டுவாலமி மாவட்டத்திலுள்ள கொலம்பியாவை. 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் மரமறுக்கும் ஆலையின் வாய்க்காலில் பொன்துகளைக் கண்ட இடம் கொலோமா என்பதால், வரலாறு தொடங்கிய மண்ணை மிதிக்க விரும்புவோர் அங்கே செல்வதே முறை. ஆயினும் அங்கே பழைய கட்டடங்களில் சிலவே எஞ்சியிருக்கின்றன. அவையும் ஆற்றோரமாகச் சிதறி நிற்கின்றன. சான் ஹோசேயிலிருந்து தொலைவும் கூடுதல். கொலம்பியாவிலோ 1850களின் கடைத்தெரு ஒன்று ஏறத்தாழ முழுமையாக நிற்கிறது. கார்கள் நுழையாத அந்தத் தெருவில் உங்கள் தாயார் நினைத்த இடத்தில் உட்கார்ந்து, மெதுவாக நடக்கலாம். 1945 முதல் மாநில வரலாற்றுப் பூங்காவாக இருக்கும் இவ்வூருக்குள் நுழையவும் வண்டியை நிறுத்தவும் கட்டணமில்லை.

வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகிலேயே, ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும் வெளிறிய சுண்ணாம்புப் பாறைகளை முதலில் மகளுக்குக் காட்டுங்கள். அவை இயற்கையாக இப்படி வெளியே தெரிந்தவை அல்ல. 1850 மார்ச்சில் இங்கே பொன் கிடைத்த பிறகு, பாறை இடுக்குகளில் தங்கியிருந்த பொன்னுக்காக மேலிருந்த மண் முழுவதையும் மனிதர்கள் அள்ளியும் கழுவியும் அகற்றியதால் வெளிப்பட்டவை. அவ்வளவு மண்ணைக் கழுவ இவ்வூரில் போதிய ஓடை நீர் இல்லாததால், 1851இல் ஒரு தண்ணீர் நிறுவனமே தொடங்கப்பட்டு, மலையிலிருந்து கால்வாய் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. என் கணிப்பில், இந்த ஊரில் காணத்தக்கவற்றுள் முதன்மையானவை அந்தப் பாறைகளே; பெரும்பாலானோர் அவற்றைத் திரும்பிப் பாராமல் கடைகளை நோக்கி விரைந்துவிடுகிறார்கள்.

தெருவில் உள்ள செங்கல் கட்டடங்களின் இரும்புக் கதவுகளுக்கும் ஒரு காரணம் உண்டு. 1854இலும் 1857இலும் பரவிய தீ மரக்கட்டடங்களை அழித்துவிட்டதால், வணிகர்கள் செங்கல்லையும் இரும்பையும் கொண்டு மீண்டும் கட்டினார்கள். 1859இல் ஊரார் வாங்கிய கையால் இயக்கும் சிறிய தீயணைப்பு இயந்திரத்தின் பெயர் பாப்பீட்டே. பசிபிக் தீவுகளுக்கென்று செய்யப்பட்டது இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. 1860இல் கட்டப்பட்ட பள்ளிக்கூடம் மேட்டின்மீது இருப்பதால், அதற்கு மட்டும் தாயாரை நடக்க வைக்காமல் காரில் அழைத்துச் செல்லுங்கள். குதிரை வண்டிச் சவாரிக்கும் உயரமான படியில் கால் வைத்து ஏற வேண்டியிருக்கும் என்பதால், முன்கூட்டியே பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பொன் அரிப்பதற்குக் கட்டணம் செலுத்தினால், தொட்டியில் மணலும் தட்டும் கொடுத்துச் சொல்லித் தருவார்கள். அரிசியில் கல் அரிப்பதும் இதுவும் ஒரே வித்தைதான்: கனமானது அடியில் தங்க, இலேசானது நீரோடு வெளியேறும். பொன்னின் அடர்த்தி நீரைப்போல் 19 மடங்குக்கு மேல். மணலிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமத்துக்கு மூன்று மடங்குகூட இல்லை. ஆகவே தட்டை முதலில் நன்றாகக் குலுக்கிப் பொன்னை அடியில் இறக்கிய பின்னரே சாய்த்துக் கழுவ வேண்டும். குழந்தைகள் அவசரப்பட்டுச் சாய்ப்பதால்தான் பொன் நழுவிவிடுகிறது. கடைசியில் மிஞ்சும் கரிய மணலில் மின்னுவதைத் தேட வேண்டும். உங்கள் தாயார் இதைப் பேத்திக்குக் கற்றுத் தரலாம். தொட்டியருகே ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாடப்புத்தகத்தில் படித்த மகளுக்கு இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கருதுகிறேன். இது மீவோக் பழங்குடியினரின் நிலம். பொன் தேடி வந்த கூட்டம் அவர்களுடைய வாழ்விடத்தையும் உணவையும் பறித்தது. 1850இல் கலிபோர்னியா அரசு அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்மீது மாதம் 20 டாலர் வரி விதித்தபோது, அருகிலுள்ள சோனோரா நகரத்துக்குப் பெயர் தந்த மெக்சிகோ நாட்டவர்களில் பலர் ஊரைவிட்டே வெளியேறினார்கள். அந்த வரி மறு ஆண்டு நீக்கப்பட்டாலும், 1852இல் 3 டாலராகத் திரும்பி வந்து, பெரும்பாலும் சீனர்களின் தோளில் விழுந்தது. அயல்நாட்டில் வேலை செய்யும் பெற்றோரின் மகளுக்கு இது எளிதில் புரியும்.

பயணம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஓக்டேல் வழியாக 108ஆம் நெடுஞ்சாலையில் செல்லுங்கள். ஜூலையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதால், காலை ஆறரைக்கே புறப்பட்டால், பாறைகளையும் தெருவையும் வெயிலேறுவதற்குள் பார்த்துவிட்டு, கடைகள் திறந்ததும் பொன் அரிக்கலாம். சைவ உணவுக்கு அங்கே தெரிவு குறைவு. காரில் தயிர்சாதம் புளித்துவிடும், புளியோதரை தாங்கும். புல்வெளி ஓரத்துப் புதர்களில், தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் நச்சு ஓக் செடியும், பாறை இடுக்குகளில் கிலுகிலுப்பைப் பாம்பும் இருக்கக்கூடும் என்பதால், மகளைப் பாதையிலேயே நடக்கச் சொல்லுங்கள். சனி அல்லது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், திரும்பும் வழியில் ஜேம்ஸ்டவுனில் உள்ள ரயில்டவுன் 1897 பூங்காவில் நீராவி ரயில் ஓடும் நேரத்தை முதல் நாளே விசாரித்துவிடுங்கள்; உங்கள் தந்தையார் நடக்காமலே உட்கார்ந்து பார்க்கக்கூடிய காட்சி அது.