மின்சாரம் போனதை சர்வருக்குச் சொல்வது யார்?

கேள்வி: திருப்பூரில் சிறிய ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறோம். ஒரே சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் (ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு மூன்று விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது மென்பொருளால் ஆன கணினிகள், ஓடுகின்றன: கணக்கு டேட்டாபேஸ், கோப்பு சர்வர், பில் போடும் விண்டோஸ். யுபிஎஸ் இருந்தும், மின்தடை நீண்டால் எல்லாம் பட்டென்று அணைந்துவிடுகின்றன. சென்ற வாரம் டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. இன்னும் நான்கு பேட்டரி சேர்க்கச் சொல்கிறார் யுபிஎஸ் விற்றவர். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். அரை மணி நேரத்தில் சாகிற சர்வர் இரண்டு மணி நேரத்தில் சாகும், அவ்வளவுதான். பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மாலைவரை வராத மின்சாரத்துக்கு எத்தனை பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகும்?

யுபிஎஸ்ஸின் பின்பக்கம் பாருங்கள். பிரின்டரில் இருப்பது போன்ற சதுர யுஎஸ்பி துளை இருக்கும். அதற்கான கேபிள் பல அலுவலகங்களில் உறைகூடப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. மின்சாரம் போன செய்தி சர்வருக்குத் தெரிவது அந்தக் கேபிள் வழியாகத்தான். செய்தி அனுப்பும் துளை எதுவுமே இல்லையென்றால், பெரும்பாலும் மின்விசிறிக்கும் விளக்குக்கும் செய்த இன்வெர்ட்டரை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இனி வாங்கும்போது “எவ்வளவு நேரம் தாங்கும்?” என்பதோடு நிறுத்தாதீர்கள். பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, சர்வர் திரையில் செய்தி வருகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

செய்தியைக் கேட்பதற்கு ‘நட்’ (NUT) என்ற இலவச மென்பொருளை பிராக்ஸ்மாக்ஸிலேயே நிறுவ வேண்டும். ஒரு டிக் அடித்து முடிய வேண்டிய வேலை. ஆனால் ஐந்தாறு கோப்புகளைக் கையால் திருத்த வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் கூலி கொடுத்தாவது தெரிந்தவரை வைத்துச் செய்துவிடுங்கள். பேட்டரி தீரப்போகிறது என்ற எச்சரிக்கைக்காக அவர் சர்வரைக் காத்திருக்க வைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய பேட்டரி 40 சதவீதம் காட்டிவிட்டு அடுத்த நிமிடமே கைவிடும். மின்சாரம் போய் ஐந்து நிமிடம் ஆனால் அணைக்கத் தொடங்கு என்று வைக்கச் சொல்லுங்கள்.

மூன்று மெஷின்களுக்குள்ளும் கெஸ்ட் ஏஜென்ட் (பிராக்ஸ்மாக்ஸ் சொல்வதைக் கேட்டுச் செய்யும் சிறு மென்பொருள்) இருக்க வேண்டும். குறிப்பாக விண்டோஸ், அது இல்லாமல் அணைக்கச் சொன்னால் சில நேரம் கேட்பதே இல்லை. டேட்டாபேஸுக்குத் தொடக்க வரிசை 1 கொடுங்கள். அணையும்போது வரிசை தலைகீழாகும் என்பதால் அது கடைசியில் அணையும். ஒவ்வொன்றுக்கும் 180 விநாடி காத்திருந்து, அதற்குள் அணையாததை பிராக்ஸ்மாக்ஸ் வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும். மூன்றுக்கும் வெவ்வேறு வரிசை என்றால் அதிகபட்சம் 9 நிமிடம். முதலில் காத்திருந்த ஐந்து நிமிடத்தையும் கூட்டினால் 14. இருபது நிமிடம் தாங்கும் பேட்டரி உங்களுக்குத் தாராளம்.

ஒரு சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. அணைந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் வந்துவிட்டால்? சர்வர் அணைந்து முடியும். யுபிஎஸ் இடையில் ஒரு கணமும் நிற்கவில்லை. ஆகவே சர்வரைப் பொறுத்தவரை மின்சாரம் போகவும் இல்லை, திரும்ப வரவும் இல்லை. யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை கிடக்கும். இரவு பத்து மணிக்கு நடந்தால், காலை ஒன்பதுக்கு முதல் ஆள் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும். இதற்காகவே நட்டில் கடைசிப் படியாக, தன் வெளியீட்டைத் துண்டித்துவிட்டு மீண்டும் கொடுக்கும்படி யுபிஎஸ்ஸுக்குக் கட்டளையிடும் வசதி இருக்கிறது. அதை இயக்குங்கள். கூடவே சர்வரின் பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை), மின்சாரம் திரும்பினால் தானே இயங்கும்படி மாற்றுங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் பயனில்லை. மலிவான சில யுபிஎஸ்கள் அந்தக் கட்டளைக்கு இணங்குவதில்லை என்பதால் இதையும் சோதித்தே ஆக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கப் எடுத்துவிட்டு, சுவரிலிருந்து யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்குங்கள். கைப்பேசியில் நேரம் பார்த்து, எந்த மெஷின் எத்தனையாவது நிமிடத்தில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை, பாதியிலேயே பிளக்கைத் திரும்பச் செருகிப் பாருங்கள்.