வாசகர் கேள்வி பதில்: பால் மறந்த குழந்தை மாதிரி

கேள்வி: அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடி காலையில அஞ்சு மணிக்கே எந்திரிச்சு ஒரு மணி நேரம் ஜெபம், வேத வாசிப்புன்னு இருப்பேன். இப்ப கைக்குழந்தை, ஆபீஸ் வேற. பைபிளைத் தொறந்தா ரெண்டாவது வசனத்துலயே கண்ணு சொக்குது. ஆண்டவர் என்னை விட்டு தூரமா போயிட்ட மாதிரியே இருக்கு. திரும்பப் பழைய மாதிரி எப்படி ஆகுறது?

பதில்: பழைய மாதிரி ஆகணும்னு எதுக்கும்மா நெனைக்கிறீங்க? அந்த ஒரு மணி நேரம் அந்த நாளுக்கு அவர் குடுத்தது. இன்னிக்கு உங்களுக்குக் கிடைச்சிருக்கிறது ராத்திரி மூணு மணிக்குப் பால் குடுக்குற அந்த இருபது நிமிஷம், ஒரு கையில குழந்தை, இன்னொரு கை தன்னால போனைத் தேடும், அந்தக் கையை எடுத்து குழந்தை முதுகுல வச்சுக்கிட்டு "ஆண்டவரே, ரொம்ப டயர்டா இருக்கு, நீங்க இங்கதான இருக்கீங்க"ன்னு மெதுவா சொல்லுங்க. அதுவும் ஜெபம்தான். பாதியில தூங்கிட்டீங்கன்னா அவர் கோவிச்சுக்க மாட்டார்.

131ம் சங்கீதம் படிச்சுப் பாருங்க, மூணே வசனம்தான், அதனால தூக்கம் வர்றதுக்குள்ள முடிஞ்சுரும். அதுல தாவீது தன்னோட ஆத்துமாவை "பால்மறந்த குழந்தையைப்போல"ன்னு சொல்றார். உங்களுக்கு இது மத்தவங்களை விட நல்லாவே புரியும். பால் குடிக்கிற குழந்தையை மடியில போட்டா உடனே மூஞ்சியைத் திருப்பித் திருப்பித் தேடும், கிடைக்கலன்னா அழும். பால் மறந்த குழந்தைக்கு அப்படி எதுவும் வேணாம், அது பாட்டுக்கு அம்மா மடியில வந்து சாஞ்சுக்கும், அம்மா கூட இருந்தா போதும் அதுக்கு. முன்னாடி ஜெபத்துல உங்களுக்குக் கண்ணீர் வந்திருக்கும், சந்தோஷம் வந்திருக்கும், அது இப்ப வரலன்னதும் அவரே இல்லன்னு நெனைச்சுட்டீங்க. அவர் இருக்கார்மா. நீங்க இப்பதான் சும்மா சாஞ்சுக்கக் கத்துக்குறீங்க.

17ம் நூற்றாண்டுல பாரிஸ்ல ஒரு கார்மேல் மடத்துல லாரன்ஸ்னு ஒரு சகோதரர் இருந்தார், 1691ல இறந்துபோனார். மடத்து சமையல்கட்டுலதான் பல வருஷம் வேலை, அந்த வேலை அவருக்குச் சுத்தமா பிடிக்காது, ஆனா பாத்திரச் சத்தத்துக்கு நடுவுலயும் ஆண்டவர் கூட பேசிக்கிட்டே இருக்கப் பழகிட்டார். முதல் பத்து வருஷம் ரொம்பக் கஷ்டப்பட்டேன்னு அவரே கடிதத்துல எழுதியிருக்கார், பத்து வருஷம்மா! உங்க குழந்தைக்கு இன்னும் ஒரு வயசு கூட ஆகியிருக்காது, அதுக்குள்ள ஏன் உங்களுக்கு நீங்களே ஃபெயில் மார்க் போட்டுக்குறீங்க?

கேள்வி: ஆறு வருஷமா ஒரே விஷயத்துக்காக ஜெபம் பண்றேன், பதிலே இல்ல. சபையில சிலர் "உங்களுக்கு விசுவாசம் பத்தல"ன்னு சொல்றாங்க. உண்மையிலேயே எங்கிட்டதான் தப்பா?

பதில்: அப்படிச் சொன்னவங்க மேல எனக்குக் கோவம்தான் வருது தம்பி. மாற்கு 9ம் அதிகாரத்துல, மகனைக் கூட்டிட்டு வந்த ஒரு அப்பா, "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் போறதுக்கு உதவி பண்ணுங்க"ன்னு அழுதுட்டே சொல்றார். இயேசு அவரைத் திருப்பி அனுப்பல, பையனைக் குணமாக்கினார். அப்போஸ்தலர் பவுல், தன் மாம்சத்துல முள்ளு மாதிரி குத்திக்கிட்டு இருந்த ஒரு கஷ்டம் போகணும்னு மூணு தடவை கெஞ்சிக் கேட்டார், அது போகவே இல்ல, "என் கிருபை உனக்குப்போதும்"னு மட்டும்தான் பதில் வந்துச்சு. பவுலுக்கு விசுவாசம் பத்தலன்னு அவங்க சொல்லுவாங்களா?

எங்க அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப எனக்கும் ஜெபம் வரல. ராத்திரி பூரா டிரிப்ஸ் பாட்டிலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன், ஒவ்வொரு சொட்டா விழும், ஒரு சொட்டுக்கு ஒரு தடவை "எதுவரைக்கும் கர்த்தாவே"ன்னு மனசுக்குள்ள சொல்லுவேன், 13ம் சங்கீதத்துல வர்ற வார்த்தைதான், அதுல ரெண்டே வசனத்துக்குள்ள நாலு தடவை "எதுவரைக்கும்"னு கேக்குறாங்க. அம்மா பொழைக்கல. அந்த ராத்திரிகள்ல நான் தனியா இருந்தேன்னு மட்டும் இன்னி வரைக்கும் என்னால சொல்ல முடியாது, ஏன்னு விளக்கிச் சொல்லவும் தெரியல. நீங்க கேட்டது கிடைச்சுரும்னு நான் உங்களுக்கு வாக்கு குடுக்க மாட்டேன். ஆனா மனசுல இருக்கிற கோவம், ஏமாத்தம் எல்லாத்தையும் அவர்கிட்டயே கொட்டுங்க, வேற யார்கிட்டயோ போய்ச் சொல்லிட்டு அவர்கிட்ட மட்டும் நல்ல பிள்ளையா பேசாதீங்க. 88ம் சங்கீதம் கடைசி வரைக்கும் இருட்டாவேதான் முடியுது, அதையும் ஜெபம்னுதான் பைபிள்ல வச்சிருக்காங்க.

அந்த சபையில உங்களை ஜட்ஜ் பண்ணாம பக்கத்துல உக்கார ஒருத்தராவது இருப்பாங்க, அவங்களைத் தேடிப் பிடிங்க.

கேள்வி: ஒரு வருஷத்துல பைபிள் முழுக்கப் படிக்கிற பிளான் எடுத்தேன், லேவியராகமத்துல நின்னுட்டேன். 40 நாள் படிக்காம பாக்கி நிக்குது. விட்டதை எல்லாம் படிக்கணுமா?

பதில்: வேணாம். மொத்தம் 1189 அதிகாரம், ஒரு நாளைக்கு மூணுக்கு மேல வருது, 40 நாள் பாக்கின்னா 120ஐத் தாண்டிரும், அதை நெனைச்சாலே புத்தகத்தைத் தொறக்கத் தோணாது. பாக்கியை அப்படியே விட்டுருங்க. மாற்கு எடுங்க, 16 அதிகாரம்தான், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சம்பவம். படிச்சதும் மூடி வச்சிட்டு, அந்தக் கூட்டத்துல நீங்க எங்க நின்னுட்டு இருந்திருப்பீங்கன்னு ரெண்டு நிமிஷம் யோசிங்க. லேவியராகமத்துக்கு அப்புறமா வரலாம்.