வாசகர் கேள்வி: நாற்றிலிருந்து வந்த புதுச் செம்பருத்தி

கேள்வி: மாடித் தோட்டத்தில் மஞ்சள் செம்பருத்தியின் பூவில் சிவப்புச் செம்பருத்தியின் மகரந்தத்தை நானே தொட்டு வைத்தேன். கிடைத்த விதைகளில் பதினான்கு நாற்றுகள் தேறின. அவற்றுள் ஒன்று, நடுவில் கருஞ்சிவப்பும் ஓரத்தில் ஆரஞ்சு நிறமுமாகச் சென்ற வாரம் முதன்முதலாகப் பூத்தது. புது ரகமென்று இதற்குப் பெயர் வைக்கலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெயர் வைப்பதைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். தோட்டச் செம்பருத்திகள் பல இனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வந்தவை என்பதால், ஒரே காயின் விதைகள்கூட ஒன்றைப்போல் ஒன்று பூப்பதில்லை. ஆகவே உங்கள் பதினான்கும் புதியவையே. வளர்க்கத் தகுந்தது எது என்பதே கேள்வி.

முதல் பூவை நம்பக்கூடாது. இளஞ்செடியின் முதல் பூ சிறுத்தோ கோணலாகவோ வரக்கூடும்; வெப்பத்திற்கேற்ப நிறமும் அளவும் மாறும். மார்கழியில் அடர்ந்த நிறத்தோடு விரியும் பூ சித்திரை வெயிலில் வெளிறிப் போவதுண்டு என்பதால், இரண்டு பருவத்தையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். காலையில் பார்த்த பூவை மாலை ஆறு மணிக்கும் போய்ப் பாருங்கள்: இதழ் சுருண்டுவிட்டதா, காம்பு தொய்ந்து பூ தரையை நோக்குகிறதா, எத்தனை மொட்டுகள் விரியாமலே மஞ்சளித்து உதிர்ந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறத்தில் மயங்கி மொட்டுதிர்க்கும் செடியை வைத்திருப்பதுதான் இத்துறையில் எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன்.

அடுத்த சோதனை குச்சி. விதை இதே பூவைத் தராது என்பதால், பத்துக் குச்சிகளை வெட்டி நட்டு எத்தனை வேர் பிடிக்கின்றன என்று பாருங்கள். அழகான கலப்பினங்கள் பலவற்றுக்குச் சொந்த வேர் பலவீனமாக இருப்பதால்தான், அவற்றை வலுவான சாதாரணச் செம்பருத்தியின்மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். குச்சியில் வளர்ந்த செடிகளும் தாய்ச்செடியின் பூவையே பூக்க வேண்டும்.

சட்டப்படி பதிவு செய்ய எண்ணினால், பயிர் ரகப் பாதுகாப்புக்கான 2001ஆம் ஆண்டுச் சட்டம் புதுமை, தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை ஆகிய நான்கையும் கேட்கும். அரசு அறிவிக்கை செய்த பயிர்களுக்கே அது பொருந்தும் என்பதால், முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். விண்ணப்பிக்கும் முன் ஓராண்டுக்கு மேல் விற்றுவிட்டால் புதுமை போய்விடும்.

எஞ்சிய பதின்மூன்றையும் அவை பூக்கும்வரை வைத்திருங்கள். தாய்ச்செடியின் பெயரை முதலிலும் மகரந்தம் தந்ததை அடுத்தும் எழுதி, சேர்த்த தேதியோடு ஒவ்வொரு தொட்டியிலும் அட்டை குத்துங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.