மலை எழுவதும் தீவு தாழ்வதும்: புவித்தட்டுகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

நிலத்தையும் கடலடியையும் சுமந்துகொண்டு மெதுவாக நகரும் பெரும் பாறைப் பலகைகள்தான் புவித்தட்டுகள். அவை பற்றி வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன். பெரும்பாலும் நாம் வாழும் இந்தியத் தட்டை வைத்தே சொல்லப்போகிறேன்.

கேள்வி: சார், இமயமலை உச்சியில் கடல் உயிரிகளின் புதைபடிவம் இருக்கிறது என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம். எவரெஸ்டின் உச்சிப் பாறையே கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் வாழ்ந்த உயிரிகளின் ஓட்டுத் துணுக்குகள் அதில் உண்டு. அவ்வளவு தூரம் போகவேண்டாம், பூஜையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கறுப்பான, வழவழப்பான கல். துளையோ பிளவோ இருந்தால் உள்ளே வெளிச்சம் காட்டினால் சக்கரம் போன்ற சுருள் தெரியும். சுருளின் குறுக்கே வரிவரியாக மேடுகள் ஓடும். அது அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு பதிந்த தடம். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெதிஸ் என்ற கடல் இருந்த காலத்தில் வாழ்ந்த உயிரி. அந்தக் கடலின் சேறு இறுகிப் பாறையாகி, இரண்டு நிலங்களும் மோதியபோது மேலே தூக்கப்பட்டது. இப்போது நேபாளத்தில் முக்திநாத் பக்கம் கண்டகி ஆறு அந்தப் பாறையை அரித்து, கற்களை உருட்டிக்கொண்டு வருகிறது. முக்திநாத் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆழ்வார்கள் பாடிய அந்தத் தலத்தின் கல்லே பழைய கடலுக்குச் சாட்சி என்பது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் சிலிர்ப்புதான்.

கேள்வி: தட்டுகள் உள்ளே இருக்கும் நெருப்புக் குழம்பில் மிதக்கின்றன என்று படித்தேன். சரியா ஐயா?

பதில்: இல்லை. தட்டுகளுக்கு அடியில் இருக்கும், கவசம் எனப்படும் அடுக்கு திடப்பாறை. கடும் வெப்பத்தால் மிக மெதுவாக இளகி நகரும், அவ்வளவுதான். அங்கங்கே கொஞ்சம்தான் உருகுகிறது. தட்டை நகர்த்துவதில் பெரும்பங்கு அதன் சொந்த எடைக்கு. பழைய கடலடித் தட்டு குளிர்ந்து கனமாகி, இன்னொரு தட்டின் அடியில் சரியும். கட்டிலிலிருந்து பாதி சரிந்த கனமான போர்வை மீதியையும் இழுத்துக்கொண்டு விழுவது போல, சரிந்த பகுதி பின்னால் இருப்பதை இழுக்கிறது.

கேள்வி: இந்தியா இன்னும் நகர்கிறதா?

பதில்: ஆண்டுக்கு சுமார் 5 சென்டிமீட்டர், வடகிழக்குத் திசையில். ஜிபிஎஸ் கருவிகள் இதை அளந்தே காட்டுகின்றன. மோதலுக்கு முன்பு ஒரு கட்டத்தில் 15 சென்டிமீட்டர் வேகத்தைத் தாண்டி வந்தது. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டியதும் வேகம் குறைந்தது. இன்றைய நகர்வில் ஆண்டுக்கு சுமார் 2 சென்டிமீட்டர் இமயமலைப் பகுதியிலேயே அமுங்கிச் சேர்கிறது. பாறை தாங்கும்வரை தாங்கும், அப்புறம் சட்டென்று வழுக்கும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவு நிலநடுக்கம் அப்படித்தான் வந்தது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்துவிட்டது. மலை வளர்வதும் ஊர் இடிவதும் அங்கே ஒரே நிகழ்வு.

கேள்வி: அப்படியானால் குமரிக்கண்டம்?

பதில்: எல்லோரும் கேட்பது, நேராகவே சொல்கிறேன். 1864-ல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரி விலங்கினங்கள் இருப்பதை விளக்க, நடுவே மூழ்கிய ஒரு நிலத்தைக் கற்பித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். அதைத்தான் பிறகு நம்மவர்கள் குமரிக்கண்டத்தோடு இணைத்தார்கள். மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்பது பின்னால் தெரிந்தது. நடுவே ஒரு நிலம் தேவைப்படவில்லை. கண்டத்தின் பாறை எடை குறைந்தது, அப்படியே மூழ்கி மறையாது. ஆனால் கரையோர நிலம் போனது உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அப்போது காய்ந்த நிலம். இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகியதும் கடல் அதை எடுத்துக்கொண்டது. நம் இலக்கியம் சொல்லும் கடல்கோளை யோசிப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம், லெமூரியாவிலிருந்து வேண்டாம்.

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையும் மோதலில் எழுந்ததா?

பதில்: இல்லை. மடகாஸ்கரிலிருந்து பிரிந்த ஓரத்தை ஒட்டிய மலை அது. நீலகிரியின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ளவை.

கேள்வி: 2004 சுனாமி எங்கள் ஊரையும் அடித்தது. அங்கே கடலடியில் உண்மையில் என்ன நடந்தது?

பதில்: சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை இந்தியத் தட்டு இன்னொரு தட்டின் அடியில் சரிகிறது. மேலே இருக்கும் தட்டின் விளிம்பு அதில் ஒட்டிக்கொண்டு, பல நூறு ஆண்டுகளாக வளைந்தே இருந்தது. டிசம்பர் 26 காலை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பிடி விட்டது; விளிம்பு மேலே எகிறி, மேலிருந்த கடலையும் தூக்கிவிட்டது. வடக்கு அந்தமானில் பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்து செத்துப்போயின. தெற்கே பெரிய நிக்கோபாரில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கரையில் இருந்த கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக் கடல் வந்துவிட்டது. எழுந்ததும் தாழ்ந்ததும் ஒரே நாளில்.

கேள்வி: தட்டின் நடுவில் இருக்கும் தமிழ்நாட்டுக்குப் பயமில்லை என்று சொல்லலாமா?

பதில்: வாய்ப்பு குறைவு என்று சொல்லலாம். பயமில்லை என்று சொல்ல மாட்டேன். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் பக்கம் சுமார் 6 அளவில் நடுக்கம் வந்திருக்கிறது. 1993-ல் மராட்டியத்தின் லாத்தூர் பகுதியில், அதுவும் தட்டின் நடுவேதான், 6.2 அளவு நடுக்கம் விடிவதற்கு முன் பல ஆயிரம் பேரைக் கொன்றது. வடக்கே ஆசியாவோடு மோதுவதால் வரும் அழுத்தம் தட்டு முழுவதும் பரவுகிறது. பழைய விரிசல்கள் எப்போதாவது நழுவும். லாத்தூரில் உயிர் குடித்தவை சரியாகப் பிணைக்காத தடித்த கல்சுவர்களும் கனமான மண்கூரைகளும். வீடு கட்டப்போகிறீர்கள் என்றால் ஜன்னல் கதவுகளுக்கு மேலே வரும் லிண்டலை விட்டுவிட்டுப் போடாமல், கம்பி கட்டி எல்லாச் சுவரையும் சுற்றி ஒரே பெல்ட்டாகப் போடச் சொல்லுங்கள். மேஸ்திரி வேண்டாம் என்றாலும் விடாதீர்கள்.