தை மாதம் ரொறன்ரோ: பனிச்சப்பாத்து வேண்டுமா?

வணக்கம் அக்கா. தை மாதம் கிளிநொச்சியிலிருந்து மகளிடம் போகிறீர்கள், "இம்முறை குளிர் குறைவு" என்ற பருவகால முன்னறிவிப்பை நம்பிப் பனிச்சப்பாத்தை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள்.

அந்த முன்னறிவிப்பு மூன்று மாதச் சராசரிக்கானது. வழமையைவிடச் சூடு, வழமை, குளிர் என மூன்றுக்கும் சாதாரணமாகத் தலா 33 வீத வாய்ப்பு. சூட்டுக்கு 50 வீதம் என்று போட்டாலும் மீதிப் பாதி வழமைக்கும் குளிருக்கும் இருக்கிறதே! எந்தக் கிழமை பனி கொட்டும் என்றும் சொல்லாது. 2018 மார்கழியில் ஓரிரு நாள் அடைமழையே உங்கள் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறக்க வைத்தது, அப்படித்தான் ஓரிரு நாள் பனியும் சராசரியில் தெரியாது.

மேலங்கியை மகளிடம் இரவல் வாங்கலாம். சப்பாத்தை அங்கேயே வாங்குங்கள். இங்கத்தைய சப்பாத்தின் அடி பனிக்கட்டியில் வழுக்கும். தடித்த காலுறையோடு விரல் அசைய இடம் வேண்டும், சரியா?