ஒயின் சுவைக்கத் தயங்குவோருக்கு

கேள்வி: என் தங்கை குடும்பத்தினர் நாசிக் அருகே சிறிய ஒயின் ஆலை நடத்துகிறார்கள். சுவைத்துப் பார்க்க வருவோர் தங்களுக்கு ஒன்றும் தெரியாதென்று கூச்சப்படுகிறார்களாம். நாங்கள் என்ன யோசனை சொல்லலாம்?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: உங்கள் கடற்கரைப் பனங்காட்டில் எல்லோரும் அறிந்ததிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள், சகோதரி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர் இனிப்பாகவே நிற்கிறது. தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நொதித்துக் கள்ளாகிவிடுகிறது. திராட்சைச் சாற்றிலும் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் அதே வேலைதான் நடக்கிறது என்பதை, நாசிக்கில் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை நீளும் அறுவடைக் காலத்தில், நொதிக்கும் தொட்டியின் அருகிலேயே நிறுத்தி வீட்டார் விளக்கினால், வந்தவரின் கூச்சம் பெரிதும் விலகும். பெரிய ஆலைகளில் எளிதில் கிடைக்காத இந்த நெருக்கமே குடும்ப ஆலையின் உண்மையான பலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சிவப்பு ஒயினின் துவர்ப்பு பழத்தோலிலும் விதையிலும் உள்ள டானினால் வருகிறது. புதியவருக்கு அதை முதலில் ஊற்ற வேண்டாம். ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸில் குளிரூட்டிய, சற்றே இனிப்பான செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் 30 மில்லி போதும். உங்கள் ஊர் மீன் குழம்பின் காரத்தோடும் புளிப்போடும் அதுவே இணங்கும். துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடும். பெரும்பாலான ஒயின்களில் ஆல்கஹால் 12 முதல் 14 சதவீதம் இருப்பதால், வண்டி ஓட்டி வந்தவருக்குத் திராட்சைச் சாறு மட்டும் கொடுக்கட்டும்.